உப்பு மாமாவும் ஒல்லி நட்சத்திரங்களும்

ஒரு கண்ணாடித் தொட்டியின் முன் நின்று, "எல்லாம் போயிடுத்தா மாமா? எப்போ?" என்று துக்கம் விசாரித்தவன் உலகத்திலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன். தண்ணீரும் நாலு பாறையும் தவிர உள்ளே ஒன்றும் தெரியவில்லை. வேறென்ன நினைப்பதாம்?

மந்தைவெளியில் எங்கள் மாடிவீட்டுக்காரர் உப்பு மாமா. போர்வெல் தண்ணீர் உப்பு என்று ஊரே புலம்ப, தண்ணீரில் உப்பு போதவில்லை என்று கவலைப்பட்ட ஒரே சென்னைவாசி. ஆர்.ஓ. தண்ணீரில் கடல் உப்பைக் கலந்து தொட்டிக்கு ஊற்றுவார். அவர் குடிப்பது லாரித் தண்ணீர்.

"அபசகுனமாப் பேசாதீர் ஓய். இப்போ பாரும்" என்று ஒரு துணுக்கு இறாலை இடுக்கியால் பாறையோரம் வைத்தார்.

பாறைக்கடியிலிருந்து ஒரு கை வந்தது. பூரான்போல முள்முள்ளாய், பாம்புபோல நெளிந்து. பிறகு இன்னொன்று. ஐந்து நீளக் கைகளுக்கு நடுவே சட்டைப் பொத்தான் அளவு உடம்பு. நட்சத்திர மீனின் ஒல்லித் தம்பி. பெயர் பிரிட்டில் ஸ்டார். பிடித்து இழுத்தால் கையைக் கழற்றிக் கொடுத்துவிட்டுப் போய்விடுமாம், அப்புறம் முளைத்துவிடுமாம்.

"கண் கிடையாது, மூளை கிடையாது. சாப்பாடு எங்கேன்னு மட்டும் தெரியும்" என்றார். என் உறவினர் சிலர் நினைவுக்கு வந்தார்கள். ஆனாலும் கண்ணாடியில் மூக்கு ஒட்டக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

வெங்காயமே யோசித்து நுழையும் வீடு அது. இறால் ஃப்ரிட்ஜ் பக்கம் போகக் கூடாது, ஊட்டியவர் தலைக்குக் குளிக்க வேண்டும் என்பது மாமியின் சட்டம். ஆகவே மாமா தினமும் நொச்சிக்குப்பம் போய் ஒரே ஒரு இறால் வாங்குவார்.

"இன்னா மாமா, டெய்லி ஒத்த எறா? வூட்ல சண்டை போட்டுக்கினு துன்றீங்களா?" என்பார் மீன்கார அம்மா.

ஒரு மழைநாள் காலையில் மின்சாரம் போனது. மதியத்துக்குள் இன்வர்ட்டரும் உயிரை விட, தொட்டிக்குக் காற்று ஊதும் மோட்டார் நின்றது. நட்சத்திரங்கள் கண்ணாடியில் ஏறி, நீருக்கு மேலே கைகளை நீட்டித் துழாவின. மாமாவின் குரல் உடைந்தது.

"மூச்சு முட்டறது ஓய்! காபி ஆத்தற மாதிரி தண்ணியை மொண்டு ஆத்தும்!"

பறந்துபோய் எங்கள் வீட்டுப் பித்தளை டபராவைக் கொண்டுவந்தேன். மாமா அதைத் தட்டிவிட்டார். "பித்தளையில தாமிரம் இருக்கு! பட்டா அத்தனையும் க்ளோஸ்!"

மாமி சமையலறையிலிருந்து எவர்சில்வர் மோர்ச் சொம்போடு வந்தார். "ரெண்டு பேரும் நகருங்கோ." முழ உயரத்திலிருந்து, சொட்டு சிந்தாமல், நுரைக்க நுரைக்க ஆற்றினார். மின்சாரம் வரும்வரை சொம்பை யாரிடமும் கொடுக்கவில்லை.

மறுநாள் போனேன். தொட்டியோரம் அந்தச் சொம்பு நிரந்தரமாகக் குடியேறியிருந்தது. நட்சத்திரங்கள் மட்டும் பாறைக்கடியை விட்டு வரவில்லை. இருக்கின்றனவா, போய்விட்டனவா? மாமா காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

"நீர் வையும். எனக்குத் தைரியம் இல்லை."

இடுக்கியை மறந்து இறாலை விரலாலேயே வைத்தேன். கடைசியில் ஒரு கை வந்தது. இறாலை விட்டுவிட்டு என் விரலைத் தொட்டுத் தடவிப் பார்த்தது. மாமா துண்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டார்.

"என்னை அடையாளம் தெரிஞ்சுடுத்து மாமா!" என்றேன்.

பின்னாலிருந்து மாமி சொன்னார்: "உங்களை இல்லை, எறா வாசனையை. போய்த் தலைக்குக் குளிச்சுட்டு வாங்கோ."