உற்சாகப் பெண்களுக்கு ஒரு முக்காலி

இப்போதெல்லாம் ஜனங்கள் எதற்கும் கை தட்டிவிடுகிறார்கள். மைக்கைப் பிடித்தவன் தொண்டையைச் செருமினால் ஒரு தட்டு. தண்ணீர் குடித்தால் இன்னொரு தட்டு. என்னய்யா சொன்னான் என்று பக்கத்தில் இருப்பவனைக் கேட்டால், "தெரியலைங்க, எல்லாரும் தட்டினாங்க" என்கிறான். எனக்கு அந்தப் பழக்கம் கிடையாது. ஓலக்கரை நாட்டில் கடலை விற்ற காலத்திலேயே அது என்னை விட்டுப் போயிற்று.

ஓலக்கரை எங்கே இருக்கிறது என்று தேட வேண்டாம். அந்தப் பக்கம் பஸ் போகாது. அங்கே மன்னர் இருந்தார், அமைச்சர்கள் இருந்தார்கள், தேர்தலும் இருந்தது. மன்னருக்கு எதற்குத் தேர்தல் என்று கேட்காதீர்கள். நான் கேட்டேன், முறைத்தார்கள்.

அந்த நாட்டு விளையாட்டுக்குக் கல்லுருட்டு என்று பெயர். மைதானத்தின் நடுவில் ஆளுயரத்துக்கு ஓர் உருண்டைக் கல். அரண்மனை அணி அதைக் கிழக்கே தள்ள வேண்டும், மன்னரை எதிர்ப்பவர்களின் எதிர்ப்பந்தல் அணி மேற்கே தள்ள வேண்டும். இரண்டு பக்கமும் ஓர் எல்லைக்கோடு. கல் எந்தக் கோட்டைத் தொட்டாலும் அன்றைக்கு நாட்டுக்கு நல்ல காலம் பிறந்துவிடும் என்று சொல்லி வைத்திருந்தார்கள். அதனால்தான் அத்தனை கூட்டம்.

மைதானத்து ஓரத்தில் உற்சாகப் பெண்கள் நிற்பார்கள். இரண்டு கையிலும் வண்ணக் குஞ்சம். முரசு அடித்தால் குதிக்க வேண்டும், ஆட வேண்டும், சிரிக்க வேண்டும். ஒரு விசேஷம் என்னவென்றால், அவர்கள் ஆட்டத்தைப் பார்க்கக் கூடாது. முதுகு மைதானத்துக்கு, முகம் ஜனங்களுக்கு. "வீரனுக்கு உற்சாகம் தேவையில்லை, அவனுக்குச் சம்பளம் இருக்கிறது. பார்க்க வந்தவனுக்குத்தான் உற்சாகம் தேவை" என்று உற்சாகத் துறை அமைச்சர் திருமேனிநாதர் விளக்கம் சொல்லியிருந்தார். அந்த மனிதர் பொய் சொல்லாத நாள் அது ஒன்றுதான்.

வீரர்களுக்கு வீடு உண்டு, நஞ்சை உண்டு. கல்லைத் துடைத்தவனுக்குக்கூட அரிசி உண்டு. பெண்களுக்கு மட்டும், கல் கோட்டைத் தொடும் நாளில் மொத்தச் சம்பளமும் தரப்படும் என்று சட்டம். அதுவும் அன்றைக்கு வரிசையில் நிற்பவளுக்குத்தான். நடுவில் விலகிப் போனவளுக்கு எதுவும் இல்லை. அதுவரை ஆட்ட நாளில் ஒரு சாப்பாட்டுப் பொட்டலம். உடுப்பை அமைச்சரின் மைத்துனர் கடையில் சொந்தக் காசில் வாங்க வேண்டும். ஒரே அளவுதான் உண்டு. உடுப்பு இறுகினால் பொட்டலம் கிடையாது. தொளதொளத்தால், ஏன் சாப்பிடுவதில்லை என்று விசாரணை.

வரிசையில் முதலாவதாக நின்றவள் பொன்னரும்பு. கெட்டிக்காரி, வாயாடி. மழை நாளில் ஈரத் தரையில் குதித்துக் கணுக்காலை முறித்துக்கொண்டாள். அது சரியாகக் கூடவில்லை. வீட்டில் படுத்தால் அத்தனை வருஷச் சம்பளமும் போகும். நின்றால் கால் போகும். கட்டுப் போட்டு அதன்மேல் சலங்கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"உனக்கு எதுக்கு தாயி இந்தப் பிழைப்பு?" என்று திட்டிக்கொண்டேதான் ஒரு பிடி கடலையை நீட்டுவேன்.

"நான் குதிச்சா அந்த மூலையில இருக்குற பிள்ளைங்களும் குதிக்குது தாத்தா. அதப் பாத்தா கால் வலி மறந்துடுது" என்பாள். பிறகு கடலையைத் தோலோடு வாயில் போட்டுக்கொண்டு, "ஆனா ஒண்ணு. வர்றவங்க கன்னமெல்லாம் வருஷா வருஷம் ஒட்டிக்கிட்டே போகுது. மொகத்தப் பாத்துக்கிட்டே நிக்கிற எங்களுக்குத்தானே தெரியும்" என்பாள்.

கால் தாங்காமல் போனதும் அவளும் மற்ற பெண்களும் அமைச்சரிடம் போனார்கள். நான் கடலை கொடுக்கிற சாக்கில் வாசலில் நின்றேன்.

"ஐயா, முரசு அடிக்காத நேரம் உக்கார ஆளுக்கொரு முக்காலி வேணும். கொஞ்சம் நெழல் வேணும். சம்பளத்தையும் மாசாமாசம் குடுத்துட்டா நல்லது" என்றாள் பொன்னரும்பு.

திருமேனிநாதர் கண்ணை மூடி யோசித்தார். "அம்மணி, உற்சாகம் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. மேலும், நீங்கள் செய்வது வேலையே அல்ல. வேலை என்றால் வியர்வை வரும்."

"வருதுங்களே. முதுகெல்லாம் ஒழுவுது."

"அது வெயிலால் வருவது. வேலையால் அல்ல."

"அப்ப நெழலாவது குடுங்க."

இந்த இடத்தில் அமைச்சர் கொஞ்சம் மாட்டிக்கொண்டார். ஆனால் பதவியில் இருப்பவர்கள் மாட்டிக்கொண்டே இருப்பதில்லை. மறுநாள் ஆணை வந்தது: ஆட்டம் நடக்கும் நேரத்தில் வெயில் இல்லை.

"வெயிலும் இல்ல, வேலையும் இல்ல. அப்ப இந்த வேர்வ எங்கிருந்துடி வருது?" என்று பக்கத்தில் நின்ற தைலம்மை கேட்டாள்.

"மன்னர் மேல இருக்குற பாசம் உருகுது, பேசாம ஆடு" என்றாள் பொன்னரும்பு.

அடுத்த ஆட்டத்திலேயே தைலம்மை மயங்கி விழுந்தாள். வெயில்தான் இல்லையே, மயக்கம் எப்படி வரும்? அவள் மன்னரை வணங்கினாள் என்று அறிவித்தார்கள். மன்னருக்கு அந்த வணக்கம் மிகவும் பிடித்துவிட்டது. இனி ஆட்டத்துக்கு ஒருமுறை எல்லாப் பெண்களும் அப்படியே தொப்பென்று விழுந்து வணங்க வேண்டும் என்று உத்தரவு. முழங்காலும் போயிற்று.

ஜனங்களில் சிலர் முணுமுணுத்தார்கள். உடனே அரசு இரக்கப்பட்டது. நிழல் தருகிறோம் என்று பெண்களுக்குப் பின்னால் மூங்கில் நட்டுப் பெரிய திரை கட்டினார்கள். மன்னர் தனியாளாகக் கல்லைத் தள்ளுவது போல் அதில் ஓவியம். வெயில் முன்பக்கத்திலிருந்து வந்தது, திரை முதுகுப்பக்கம் இருந்தது. நிழல் முழுவதும் மைதானத்துக்குள் விழுந்தது. பெண்களுக்கு ஒரு சாண் நிழல்கூட இல்லை.

அன்றிலிருந்து கூட்டத்தில் இருப்பவனுக்கும் ஆட்டம் தெரியவில்லை. ஒருவனும் ஏன் என்று கேட்கவில்லை. திரைக்குப் பின்னாலிருந்து முரசு அடிக்கும், "வெற்றி! வெற்றி!" என்று குரல் வரும், பெண்கள் குதிப்பார்கள், ஜனங்கள் கை தட்டுவார்கள்.

"தினமும் வெற்றின்னா கல்லு இந்நேரம் கடலுக்கே போயிருக்கணுமே. சம்பளம் எங்கய்யா?" என்று பொன்னரும்பு ஒருநாள் அமைச்சரை வழிமறித்துக் கேட்டாள்.

"வெற்றி வேறு, கோடு வேறு. இந்த நுட்பம் உங்களுக்குப் புரியாது" என்றார் அவர்.

அப்புறம் தேர்தல் வந்தது. ஓலக்கரையில் தேர்தலைக் காதால் நடத்துவார்கள். ஆட்ட நாளன்று அதே மைதானத்தில் நடுவர்கள் கண்ணைக் கட்டிக்கொண்டு மேடையில் உட்காருவார்கள். கண் திறந்திருந்தால் பட்சபாதம் வந்துவிடுமாம். மன்னர் பெயரைச் சொல்லும்போது ஒரு சத்தம், எதிர்ப்பந்தல் தலைவர் நெடுங்குரலார் பெயரைச் சொல்லும்போது ஒரு சத்தம். எது பெரிதோ அவருக்கு நாற்காலி. சத்தத்தைக் கிளப்பப் பெண்கள் வேண்டும். அன்றைக்கு மட்டும் அமைச்சர் அவர்களை "கண்மணிகளே" என்று கூப்பிட்டார்.

காலையிலிருந்து நிற்க வைத்திருந்தார்கள். பொன்னரும்பின் கால் கட்டை மீறி வீங்கியிருந்தது. முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது, உதடு மட்டும் வெளுத்திருந்தது.

"தாத்தா, இன்னைக்கு விழுந்தா எந்திரிக்க மாட்டேன்" என்று சிரித்துக்கொண்டே சொன்னாள்.

"வெளிய வந்துடு தாயி. சம்பளம் நாசமாப் போகட்டும்."

"இத்தன வருஷம் நின்னுட்டு வெறுங்கையோட வரச் சொல்றியா? முரசு ஓயட்டும். ஒரு நிமிஷம் சாஞ்சுக்கறேன்."

சாய்வதற்கு அங்கே வேறென்ன இருந்தது? மன்னர் பெயரைச் சொல்ல அறிவிப்பாளர் மூச்சை இழுத்த நேரத்தில், காலைத் தூக்கிக்கொண்டு பின்னால் இருந்த மூங்கிலில் முதுகைச் சாய்த்தாள். திரை கட்டிய ஒப்பந்தக்காரரும் அமைச்சரின் மைத்துனர்தானே. மூங்கில் முறிந்தது. ஓவியத்து மன்னர் மடங்கி விழ, திரை முழுவதும் சரிந்தது.

விழுந்தவளைத் தூக்கத் திரும்பிய பெண்கள் அன்றைக்குத்தான் முதன்முதலாக மைதானத்தைப் பார்த்தார்கள். நாங்களும் பார்த்தோம். நல்ல குளிர்ந்த நிழல். அரண்மனை வீரர்களும் எதிர்ப்பந்தல் வீரர்களும் ஒரே பாயைச் சுற்றித் தாயம் ஆடிக்கொண்டிருந்தார்கள். நடுவில் பிரியாணி அண்டா. ஒவ்வொருவருக்கும் ஒரு முக்காலி. காலை நீட்டிக்கொள்ள இன்னொன்று. கல் வைத்த இடத்திலேயே இருந்தது. அதைச் சுற்றிப் புல் வளர்ந்து, அதன்மேல் ஓர் ஆடு நின்றுகொண்டிருந்தது.

முரசடிப்பவன் பழக்கத்தில் ஓங்கி அடித்து, "வெற்றி!" என்றான்.

பெண்கள் குதிக்கவில்லை. தைலம்மை மடியில் தலை வைத்துக் கிடந்த பொன்னரும்பு, "அந்த முக்காலியத்தானேடி கேட்டோம்" என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள், மைதானம் முழுவதும் கேட்டது. அறிவிப்பாளர் மன்னர் பெயரைச் சொன்னார். ஒரு சத்தமும் இல்லை. கண் கட்டிய நடுவர்கள் காதில் விரல் விட்டுக் குடைந்து பார்த்துக்கொண்டார்கள்.

நெடுங்குரலாருக்கு அந்தப் பெயர் சும்மா வரவில்லை. தன் வீரன் ஒருவன் கையில் எலும்போடு நிற்பதைத் தன் உடம்பாலேயே மறைத்துக்கொண்டு மேடையில் ஏறினார். "என் சகோதரிகளுக்கு முக்காலி! ஆளுக்கொரு முக்காலி! இது சத்தியம்!" என்றார்.

ஜனங்கள் தட்டினார்கள் பாருங்கள், கூடையில் கடலை குதித்தது. நாற்காலி அவருக்குப் போயிற்று.

சொன்னபடியே மறுவாரம் முக்காலி வந்தது. அதைக் குறை சொல்லக் கூடாது. கொடுக்கும் விழாவுக்குத் திருமேனிநாதரே வந்தார். அவருக்கு இப்போது புதிய அரசிலும் அதே துறை. திரையையும் தூக்கி நிறுத்திவிட்டார்கள், இந்த முறை இரும்புக் கம்பத்தில். ஓவியத்தில் முகத்தை மட்டும் மாற்றியிருந்தார்கள்.

பொன்னரும்பு கோலை ஊன்றி வந்து முக்காலியை வாங்கினாள். உட்காரும் பலகை முழுவதும் நெடுங்குரலாரின் சிரித்த முகம், வண்ணத்தில்.

"தலைவரின் திருமுகத்தின்மேல் யாரும் உட்காரக் கூடாது. உட்கார்ந்தால் ராஜத் துரோகம். பக்கத்தில் வைத்துக்கொண்டு நிற்கலாம். நிற்கும்போது, நமக்கு முக்காலி இருக்கிறது என்று நினைத்துக்கொள்ளலாம்" என்றார் அமைச்சர்.

"சம்பளம்?"

"கல் கோட்டைத் தொட்டதும்."

பொன்னரும்பு முக்காலியைத் தரையில் வைத்தாள். இரண்டு கைக் குஞ்சத்தையும் அந்த முகத்தின்மேல் மெத்தை போலப் பரப்பினாள். பிறகு காலை நீட்டி, நிதானமாக அதில் உட்கார்ந்தாள்.

அமைச்சர் பதறிவிட்டார். "என்ன காரியம் இது!"

"தலைவரு மொகத்துல வெயில் படுதுங்க. அதான் மறச்சுக்கிட்டு இருக்கேன்."

"வெயிலா? ஆட்ட நேரத்தில் வெயில் ஏது?"

"அப்ப வெயில் இருக்கறத நீங்க ஒத்துக்கிட்டு நெழல் குடுக்கற வரைக்கும் மறச்சுக்கிட்டே இருக்கேன்."

தைலம்மை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு தன் முக்காலியில் குஞ்சத்தை விரித்தாள். ஒவ்வொருத்தியாக வரிசை முழுவதும் உட்கார்ந்துவிட்டது. மூலையில் இருந்த பிள்ளைகளும் தொப்பென்று தரையில் உட்கார்ந்தார்கள். கூட்டம் சிரித்தது. முரசு அடிக்காமலே ஆரவாரம். நானும் சிரித்தேன், அதை மறைக்கவில்லை.

"பாத்தியா தாத்தா? இனிமே எல்லாம் சரியாயிடும்" என்று அங்கிருந்தே கத்தினாள்.

"ஆடு எறங்கட்டும், கல்லு நகரட்டும், அப்புறம் சொல்லு" என்றேன். இருந்த கடலையை அவள் மடியில் கொட்டிவிட்டுக் கிளம்பினேன்.

திரைக்குப் பின்னால் முரசு அடித்தது. வெற்றியாம். பின்னாலேயே கை தட்டும் சத்தமும் வந்தது. வெறுங்கூடையைத் தலையில் வைத்து, இரண்டு கையாலும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு நடந்தேன்.