பொடிக்கு நன்னடத்தைச் சான்றிதழ்

மாத்திரை என்பது பொடியாக இருந்து பதவி உயர்வு பெற்ற பொருள். உயர்வு கிடைக்குமுன் அது ஒரு புனல் வழியாகக் கீழே இறங்கியாக வேண்டும். சில பொடிகள் சமர்த்தாக இறங்கும். சில, வாசலருகே வந்ததும் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து, வளைவு கட்டிக்கொண்டு நின்றுவிடும். விளைவாக ஒரு மாத்திரையில் மருந்து கூடும், அடுத்ததில் குறையும். அவை ஏன் நிற்கின்றன என்று கண்டுபிடிக்க ஆராய்ச்சி நிலையம் ஒரு பெண்ணை ஓராண்டு ஒப்பந்தத்தில் அமர்த்தியது. எந்நேரமும் கையில் எஃகுப் புனலோடு திரிந்ததால் அவளுக்குப் புனல் என்றே பெயர் வந்தது. வருகைப் பதிவேடு தவிர மற்ற எல்லா இடங்களிலும் அதுவே நிலைத்தது.

"மாவு சலிக்கிறதுக்கா இத்தனை வருஷம் படிச்சே?" என்று அக்கா கேட்பாள். புனல் தங்கியிருந்தது அக்கா வீட்டு முன்னறை சோபாவில் என்பதால் அதற்குப் பதில் சொல்வதில்லை.

ஒப்பந்தம் முடியத் தொண்ணூறு நாள் இருந்தது. அதற்குள் முடிவு காட்டினால் நீட்டிப்பு. இல்லையேல் புனலை ஒப்படைத்துவிட்டு சோபாவோடு நிரந்தர உறவு. கடைசிச் சோதனைக்கு அனுமதி கேட்டு, தலைப்புகள் நல்ல தமிழில் இருக்க வேண்டும் என்ற சுற்றறிக்கைக்குப் பணிந்து, 'நுண்பொடிகளின் ஒழுக்கு' என்று எழுதிக் கொடுத்தாள். ஒழுகுவது ஒழுக்கு, அதில் பிழையில்லை. ஆனால் தலைமை எழுத்தர் இரக்கமுள்ளவர். சின்னப் பெண் எழுத்துப்பிழையோடு மேலிடத்துக்குப் போகலாமா என்று 'ஒழுக்கம்' எனத் திருத்தி அனுப்பினார். இரண்டும் ஒரே வேரில் முளைத்த சொற்கள்தாம். ஒழுகும் கூரையை ஒழுக்கமுள்ள கூரை என்று சொல்ல வேர் இடம் கொடுக்கிறது. வழக்கம்தான் குறுக்கே நிற்கிறது.

நன்னெறிக் குழு வைத்துக்கொள்வது அந்த ஆண்டு நிலையங்களுக்குள் புது மோஸ்தர். பக்கத்து நிலையத்தில் இரண்டு இருந்தன. இங்கிருந்த ஒன்றோ, விசாரிக்க எதுவும் கிடைக்காமல் எட்டு மாதமாகத் தேநீர் குடித்துக்கொண்டிருந்தது. ஒழுக்கம் என்ற சொல் கண்ணில் பட்டதும் புனலின் விண்ணப்பக் கோப்பை வாரி அணைத்துக்கொண்டது.

"ஆய்வுக்கு உட்படுறவங்க யாரு?" என்றார் குழுத் தலைவர்.

"பொடி, சார்."

"பொடிப்பசங்க. எத்தனை பேர்?"

"நாலு கிலோ சார்."

தலைவர் 'நாலு கிலோ' என்று பொறுமையாக எழுதிக்கொண்டார். "என்ன செய்யப்போறீங்க?"

"புனல்ல போட்டு, கீழே விழுதான்னு பாப்பேன்."

"அதாவது மேலேருந்து தள்ளிவிடுவீங்க. சம்மதம் வாங்கினீங்களா?"

புனலுக்கு அப்போதுதான் கோப்பின் மேலட்டை கண்ணில் பட்டது. "ஐயோ சார், தலைப்புல தப்பு. அது ஒழுக்கு. ஒழுக்கம் இல்ல."

எட்டு உறுப்பினர்களும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

"சோதிக்கிறதுக்கு முன்னாடியே ஒழுக்கம் இல்லன்னு முடிவு பண்ணிட்டீங்க," என்றார் தலைவர். "இதுக்குப் பேரு பாரபட்சம்மா."

பாரபட்சம் நிரூபணமானதால், விசாரணை முடியும்வரை மேற்படி பொடி, மேற்படி ஆய்வாளரிடமிருந்து பாதுகாக்கப்படத் தீர்மானமாயிற்று. நாலு கிலோவும் ஒரு டப்பாவில் குழுவின் சேமிப்பறைக்குப் போனது. மூடி போட்டு அடைப்பது நெறிக்குப் புறம்பு என்று டப்பாவைத் திறந்தே வைத்தார்கள். அந்த அறையின் கூரை, முன்சொன்ன பொருளில், மிகுந்த ஒழுக்கமுள்ளது.

ஈரம் பட்டால் பொடி கெட்டுப்போகும் என்று புனல் எழுதிக் கொடுத்தாள். கெட்டுப்போகாமல் காக்கத்தான் குழுவே இருக்கிறது என்று பதில் வந்தது. பிறகு தினமும் தலைமை எழுத்தர் மேசைக்குப் போனாள்; கோப்பு நகர்கிறது என்றார் அவர். எட்டு உறுப்பினர்கள், ஒவ்வொருவரும் அடுத்தவர் கையெழுத்துக்குக் காத்து, ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து நின்றார்கள். அந்த வளைவைப் பற்றி அவள் ஓராண்டாகப் படித்திருந்தாள். பக்கத்தில் தட்டினால் உடையும் என்று பொடியின் விஷயத்தில் அவளுக்குத் தெரியும்.

தொண்ணூறில் எண்பத்திரண்டாம் நாள் குழு நேரடி ஆய்வுக்கு வந்தது. தலைவரே டப்பாவைத் தலைகீழாகக் கவிழ்த்தார். ஒரு துகள் விழவில்லை. குலுக்கினார். கல்லாக இறுகிப்போயிருந்த பொடி அசையவே இல்லை.

"பாருங்க," என்றார், டப்பாவை மார்போடு அணைத்தபடி. "கவிழ்த்தும் நிலைகுலையல. என்ன அடக்கம், என்ன ஒத்துமை. நன்னடத்தைச் சான்றிதழே குடுக்கலாம்."

பொடி பாழாகிவிட்டது என்று சொல்லத்தான் புனல் வாயைத் திறந்தாள். திறந்த வாயோடு மிச்சமிருந்த நாட்களை எண்ணினாள். எட்டு. எட்டு நாளில் சோதனை முடியாது. ஒரு சான்றிதழை அச்சடித்துச் சட்டம் போட்டு மாட்டலாம். வாயை மூடிக்கொண்டாள்.

உலகில் ஒழுக்கச் சான்று பெற்ற முதல் பொடி என்பதால், இரண்டு குழு வைத்திருந்த பக்கத்து நிலையம் வயிறெரிந்தது. அதைவிடப் பெரிய சாதனை இங்கே எவருக்கும் நினைவில்லை. ஒப்பந்தம் மூன்றாண்டு நீண்டது. கூடவே குழுவின் செயலாளர் பதவியும் வந்தது.

"கடைசில பொடி விழுந்துச்சாடி?" என்று கேட்டாள் அக்கா, சோபாவைத் தட்டி உறை மாற்றியபடி.

"விழாததுக்குத்தான்க்கா பாராட்டு," என்றாள் புனல்.

மறு ஆண்டு புதிய ஆய்வாளர் ஒருத்தி வந்தாள். முன்கதை கேள்விப்பட்டு, வம்பே வேண்டாம் என்று தலைப்பை 'நுண்பொடிகளின் ஓட்டம்' என்று வைத்திருந்தாள். அதன் பொருள் குழுவின் அறையில் ஒருவருக்குத் துல்லியமாகத் தெரியும். எட்டு உறுப்பினர்களும் அந்த ஒருவரைத் திரும்பிப் பார்த்தார்கள்.

புனல் கண்ணாடியை மூக்கின் நுனிக்கு இறக்கினாள்.

"ஓட்டம்னு போட்டிருக்கீங்க. யாருக்குப் பயந்து ஓடுறாங்க?"