தீபாவளிக்கு முதல்நாள் டேபிளைச் சுருக்கிய கதை

நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் எதையாவது பார்த்து, "இதை இன்னும் கொஞ்சம் நல்லா ஓட வைக்கிறேன்" என்று கிளம்புகிறவர்களைக் கிட்டே சேர்க்காதீர்கள். நான் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவன். இன்றைக்கும் எங்கள் வீட்டில் ஃப்ரிட்ஜைத் துப்புரவாக்க எனக்கு அனுமதி கிடையாது. காரணம், ஒரு தீபாவளி.

அப்போது நான் ஹட்டனில் ஒரு பஸ் முதலாளியிடம் வேலை பார்த்தேன். கொழும்புக்கும் மஸ்கெலியாவுக்கும் ஓடும் பஸ்கள். சீட் புக்கிங் எல்லாம் கணினியில், அந்தக் கணினி என் பொறுப்பில். (படிப்பை முடித்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. நடையைப் பார்த்தால் கணினியைக் கண்டுபிடித்ததே நான்தான் என்று நினைப்பீர்கள்.)

தீபாவளி வந்தால் கொழும்பில் கடை, ஹோட்டல் என்று வேலை செய்யும் எங்கள் மலையகச் சனம் முழுவதும் ஊருக்குக் கிளம்பும். அந்த வருஷம் அப்படிக் கிளம்பியவர்களில் மலரும் அவளுடைய அப்பா அம்மாவும் இருந்தார்கள். தீபாவளிக்கு மறுநாள் எனக்கும் மலருக்கும் நிச்சயதார்த்தம். மலரின் அம்மாவுக்குக் கினிகத்தேனை மலைப்பாதை வளைவுகளில் வயிற்றைப் பிரட்டும். முன் சீட்டில், ஜன்னல் ஓரமாக உட்கார்ந்தால்தான் ஒழுங்காக வந்து சேருவார். ஆகவே மலரின் அப்பாவுக்கு நானே போன் போட்டு மார்தட்டினேன்.

"மாமா, முன் சீட் மூணும் ஒங்களுக்குத்தான். நீங்க சும்மா வந்து ஏறுங்க. சிஸ்டமே நம்ம கையில."

"தம்பி, நான் ஜன்னலுக்குள்ள லேஞ்சிய போட்டு சீட் புடிக்கிற ஆளு. இதெல்லாம் சரியா வருமா?"

"அந்தக் காலமெல்லாம் போச்சி மாமா."

லேஞ்சி என்றால் கைக்குட்டை. பஸ் வந்து நிற்பதற்குள் ஜன்னல் வழியாக விட்டெறிய வேண்டும். அது விழுந்த சீட் எறிந்தவருக்குச் சொந்தம். இந்தச் சட்டத்தை எந்தக் கோர்ட்டாலும் மாற்ற முடியாது.

தீபாவளிக்கு முதல்நாள் காலை, கணினி ஆமையாக நகர்ந்தது. "என்னாப்பா, ஒரு பேர அடிச்சிட்டு, டீ குடிச்சிட்டு வந்து பாக்க வேண்டியிருக்கு" என்றார் முதலாளி. ஹார்ட் டிஸ்க்கும் நிரம்பி வழியும் நிலையில் இருந்தது. உடனே நான் சட்டைக் கையை மடித்துக்கொண்டு, புக்கிங் டேபிளில், அதாவது பயணிகளின் பெயரும் சீட்டும் கிடக்கும் அட்டவணையில், ரத்துச் செய்த பழைய புக்கிங்குகளை அழித்துத் தள்ளினேன். டிஸ்க்கில் ஒரு துளி இடம்கூடக் கூடவில்லை.

காரணம் சுலபம். பயணி இறங்கினால் சீட் காலியாகும், பஸ் சின்னதாகுமா? டேபிளும் அப்படித்தான். அழித்த இடம் ஓட்டை ஓட்டையாக உள்ளேயே கிடக்கும். அதற்கு ஒரே வரியில் ஒரு கட்டளை உண்டு. இருப்பவர்களை நெருக்கி உட்காரவைத்து டேபிளைச் சுருக்கிவிடும். இடமும் மிச்சம், வேகமும் கூடும். கணினிக் கையேட்டில் இந்தப் பந்தியை நான் ஆசையாகப் படித்தேன். அடுத்த பந்தியைப் படிக்கவில்லை.

அடுத்த பந்தி சொல்வது இதுதான்: இந்த வேலை அதே பஸ்ஸுக்குள் நடக்காது. புது பஸ் ஒன்றைக் கொண்டுவந்து பக்கத்தில் நிறுத்தி, எல்லாரையும் அதில் ஏற்றிய பிறகுதான் பழையதை அனுப்பும். அதுவரை ஸ்டாண்டில் இரண்டுக்கும் இடம் வேண்டும். இடம் இல்லையென்றுதானே நான் சுருக்கவே போனேன்!

"அஞ்சே நிமிஷம் முதலாளி" என்று சொல்லி என்ட்டரைத் தட்டினேன்.

பாதியில் டிஸ்க் நிறைந்து, கணினி உறைந்துபோனது. ஹட்டனிலும் கொழும்பிலும் ஒரு புக்கிங்கையும் பார்க்க முடியவில்லை. கொழும்புக் கவுண்டரில் இருந்த சிங்கள அண்ணன் போனில் கத்தினார்: "மல்லி, சிஸ்டம் எக வெட நே!" 'தம்பி, சிஸ்டம் வேலை செய்யவில்லை' என்று அவர் சொல்லித்தானா எனக்குத் தெரிய வேண்டும்? பதற்றத்தில், கணினிக்காரன் செய்யவே கூடாத காரியத்தைச் செய்தேன். வயரைப் பிடுங்கினேன். மறுபடி போட்டால், அது தன்னைத்தானே பழுதுபார்க்க உட்கார்ந்துவிட்டது. பாதிப் பேர் ஏறிய அந்தப் புது பஸ்ஸும் டிஸ்க்கை அடைத்துக்கொண்டு அப்படியே நின்றது.

மத்தியானம் மலர் கொழும்பு ஸ்டாண்டிலிருந்து பேசினாள்.

"ஏங்க, சீட் லிஸ்ட்டே வரலயாம். எல்லாரும் லேஞ்சி போட்டு ஏறுறாங்க."

"மாமா போடலயா?"

"நீங்கதான் அந்தக் காலம் போச்சின்னு சொன்னீங்களே. அப்பா லேஞ்சிய கையில வச்சிக்கிட்டே நிக்கிறாங்க."

எனக்கு அழுகை வந்துவிட்டது. பொய்யில்லை, பெரிய ஆள் நான், புக்கிங் கவுண்டருக்குக் கீழே குனிந்து கண்ணைத் துடைத்தேன்.

சாயங்காலம் பஸ் ஹட்டனுக்கு வந்தது. மாமா நின்றுகொண்டே வந்திருந்தார். மலரின் அம்மா டிரைவருக்குப் பக்கத்தில், கொதிக்கும் எஞ்சின் மூடிமேல் உட்கார்ந்து வந்திருந்தார். இறங்கும்போது ஒரு பையைத் தூர நீட்டிப் பிடித்திருந்தார்.

"அது என்னா பை?" என்றேன்.

"நிச்சயத்துக்கு ஒங்களுக்கு எடுத்த சட்ட" என்றாள் மலர். "கினிகத்தேனையில அம்மாவுக்கு அவசரத்துக்கு வேற பை கெடைக்கல."

"நல்ல சட்ட தம்பி, மன்னிச்சிக்கங்க" என்றார் அந்த அம்மா, ஈனஸ்வரத்தில். என்னிடம் அவர் மன்னிப்புக் கேட்கிறார்! மாமா திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவரோ லேஞ்சியை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு மஸ்கெலியாவுக்குப் போய்விட்டார். பெண் கிடைக்காது என்றே முடிவுகட்டினேன்.

தீபாவளியன்று கவுண்டர் பூட்டு. வெளியே இருந்து ஒரு டிஸ்க்கை மாட்டி இடம் உண்டாக்கி, பாதியில் நின்றதைத் துடைத்துவிட்டு, அதே கட்டளையைக் கொடுத்தேன். ஒரு முறுக்கைக் கடித்து முடிப்பதற்குள் வேலை முடிந்தது. டேபிள் பாதியாகச் சுருங்கி, பெயரை அடித்ததும் சீட் வந்து நின்றது. "நல்லா ஓடுதுப்பா" என்றார் முதலாளி. "ஏறுறதுக்குத்தான் ஆள் இல்ல. எல்லாரும் ஊருக்குப் போயிட்டாங்க."

மறுநாள் நிச்சயதார்த்தத்துக்கு, எங்கள் வீட்டாரோடு பயந்துகொண்டே மஸ்கெலியாவுக்குப் போனேன். மலரின் அம்மா அந்தச் சட்டையைத் துவைத்து, அடை மழையில் காயாமல், அடுப்புக்கு மேலே தொங்கவிட்டிருந்தார். ஈரத்தோடும் புகை வாசத்தோடும் போட்டுக்கொண்டேன். (போட்டோவில் நடுங்குகிறேன். வெட்கம் என்று சொல்லி வைத்திருக்கிறோம்.) தட்டு மாற்றுவதற்கு முன்னால் மாமா எல்லார் முன்னாலும் கேட்டார்:

"தம்பி, மெஷின் இப்ப சரியா?"

"சரி மாமா. இடம்கூட நெறைய இருக்கு."

"அப்ப, எங்க வீட்டுலயும் ஒங்களுக்கு எடம் இருக்கு" என்று தட்டை நீட்டினார். அன்றைக்கு விட்ட மூச்சின் சுகம் இன்னும் ஞாபகம் இருக்கிறது.

இப்போது நானும் கொழும்பில்தான். போன தீபாவளிக்கு அங்கிருந்து எல்லாருமாக ஊருக்குக் கிளம்பினோம். போனிலேயே சீட் எடுத்து, இலக்கத்தை மாமாவிடம் காட்டியும் இருந்தேன். பஸ் ஸ்டாண்டுக்குள் திரும்பியதுதான் தாமதம், மாமா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடி, முன் ஜன்னலுக்குள் லேஞ்சியை எறிந்தார்.

"மாமா, நான்தான் சீட் புக் பண்ணிட்டேனே!"

"தெரியும் மாப்பிள்ள" என்றார் மூச்சு வாங்க. "அதனாலதான் ஓடினேன்."