பெயிண்ட் திரிந்த விசாரணை

உலகில் உண்மையைக் கண்டுபிடிக்க இதுவரை ஏற்பட்ட வழிகளில் தலைசிறந்தது விசாரணைக் கமிட்டி. அதிலும் கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் எங்கள் பெயிண்ட் கம்பெனியின் கமிட்டிக்கு ஈடே கிடையாது. முடிவை எடுத்துவிட்டுத்தான் விசாரணையையே ஆரம்பிக்கும். நேரம் மிச்சம் பாருங்கள். பதினாறு வருஷமாக அங்கே டீ போட்டுக் கொடுக்கிறவள் என்ற தகுதியில் சொல்கிறேன்.

நாற்பது டிரம் வெள்ளை பெயிண்ட் திரிந்துபோய்விட்டது. மூடியைத் திறந்தால் மேலே தெளிந்த தண்ணீர், அடியில் கட்டி கட்டியாகத் தயிர். கலக்கும் மிஷினில் நின்றவள் ஆரோக்கியமேரி. ஆகவே 'குற்றவாளி' அகப்பட்டாள். இனி குற்றம்தான் அகப்பட வேண்டும்.

தலைவர் நாற்காலியில் மேனேஜர் சந்திரமோகன்.

"நீ சரியா கலக்கல. ஒத்துக்கறியா?"

"இன்னா சார் நீங்க! பதினோரு வருஷமா கலக்குறேன். மிஷின் மாறல, மாவு மாறல, நானும் மாறல. தண்ணிதான் சார் மாறிப்போச்சு. நம்ம போர்வெல் தண்ணிய வாயில வெச்சுப் பாருங்க, கடலு மாரி கரிக்குது."

லேப் பெண் ஸ்நேகா வேலைக்குப் புதுசு. அதனால் உண்மையைச் சொன்னாள்.

"அவங்க சொல்றது கரெக்ட் சார். பெயிண்ட்ல இருக்கிற தூளு ஒண்ண ஒண்ணு தள்ளிக்கினு இருக்கறதாலதான் மிதக்குது. தண்ணியில உப்பு கரைஞ்சிருந்தா அந்தத் தள்ளுற சக்தி அடங்கிடும். ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கினு, கட்டியாகி, அடியில உக்காந்துடும்."

எனக்கு உடனே விளங்கிவிட்டது. பக்கத்தில் பக்கத்தில் இருந்தும் ஒட்டிக்கொள்ளாமல் இருப்பதற்குப் பெயர்தான் தரம். கம்பெனி எங்களையும் அப்படித்தான் வைத்திருக்கிறது. ஒட்டினால் சங்கமாகிவிடும்.

சந்திரமோகன் ஃபைலைத் தட்டினார். "இந்த போர்வெல்ல உப்பே இல்லன்னு நாமதான் கவர்மெண்டுக்கு எழுதிக் குடுத்திருக்கோம். நம்ம கழிவால நிலத்தடித் தண்ணி கெடலன்னு கையெழுத்து போட்டவன் நான். இப்ப உப்பு இருக்குதுன்னா, யாரும்மா போட்டது?"

கம்பெனிக்குப் பின்னால் கழிவு இறங்கும் குழி இருக்கிறதே, அந்தத் திசையை ஒருவர்கூடப் பார்க்கவில்லை. அவ்வளவு ஒழுக்கம்.

அந்த நேரம் பார்த்து நான் டீயை நீட்டினேன்.

"பிரமாதம்மா," என்றார்.

"கேன் தண்ணி சார். போர்வெல் தண்ணியில போட்டா பால் திரிஞ்சிடுது. ஆறு மாசமா நீங்கதானே கேன் வாங்கச் சொன்னீங்க?"

கமிட்டி உடனே அறிக்கையில் குறித்துக்கொண்டது: 'தேநீர் திருப்திகரமாக இருந்தது.'

தீர்ப்பு வந்தது. 'கவனக்குறைவு' காரணமாக ஆரோக்கியமேரிக்கு வேலை நீக்கம். பெயிண்ட் கலக்க இனிமேல் லாரியில் நல்ல தண்ணீர். 'உப்பே இல்லாத' போர்வெல் சும்மா கிடப்பானேன் என்று, அதிலிருந்து ஆரோக்கியமேரியின் காலனிக்குக் குழாய் இழுத்துக் குடிநீர்த் தானம். இந்தக் கடைசி வரியைக் கேட்டு நான் உருகிப்போனேன்.

திறப்பு விழாவில் மேனேஜரே முதல் குடத்தைப் பிடித்து ஆரோக்கியமேரியிடம் நீட்டினார்.

"ஏன் சார், பெயிண்ட்டுக்கே ஒத்துக்காத தண்ணி எங்க புள்ளைங்களுக்கு ஒத்துக்குமா?"

"இன்னாம்மா நீ! பெயிண்ட் கெட்டுப்போனா கஸ்டமர் திருப்பி அனுப்பிடுவான்."

மேடையில் இருந்தவர்களுக்கு டீ நான்தான் போட்டேன், கேன் தண்ணீரில். காலனிப் பிள்ளைகளைப் பற்றி யாரும் கவலைப்பட வேண்டாம். அதுகளுக்கு ஏதாவது ஆனால் எங்கள் கமிட்டி உடனே கூடி, தண்ணீரைச் சரியாகக் காய்ச்சிக் கொடுக்காத தாயைக் கண்டுபிடித்துவிடும்.