இஞ்சு டேப் அளந்த வீடு

காரைக்குடியில் மனிதக் காதுக்கு டேப் பிடித்தவர் ஒருவர்தான். நீளத்தை அல்ல; சோபாவில் உட்கார்ந்தால் காது தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதை. ஹோம் தியேட்டர்களுக்கு ஒலி அளந்து சரிசெய்வது அவர் தொழில். ஊரே அவரை ‘இஞ்சு டேப்’ என்றது. சொந்தப் பெயரை நான் கேட்டதில்லை. கேட்டிருந்தால் என் டைரியில் இருக்கும்.

நேமத்தான்பட்டிக் கல்யாணம் ஒன்றில், தவில் சத்தம் சுவரில் மோதுகிறது என்று மாப்பிள்ளையையும் பெண்ணையும் மணையோடு இரண்டடி நகர்த்தியவர். ஒரு வீட்டில் கணக்குக்கு மேல் அரைப் புள்ளி சத்தம் கூட்டச் சொன்னதற்காகச் சாப்பாட்டு இலையிலிருந்து எழுந்து போனவர்.

அவரை நான் அழைத்தது வேறு வழியில்லாமல்தான். பணி ஓய்வின்போது எனக்கு நானே வாங்கிக்கொடுத்த ஹோம் தியேட்டரில் வசனம் தெளிவாகக் கேட்கவில்லை. நான் சத்தத்தைக் கூட்டுவேன். மனைவி செல்வி குறைப்பாள். ஏழு மாதம் இப்படியே போனது.

“ஞாயித்துக்கிழமைக்குள்ள சரியாகலேன்னா, காளையார்கோவில்ல என் தம்பி வீட்டுக்கு ஏத்திவிட்டுருவேன்” என்றாள். எதை என்று கேட்க எனக்குத் துணிவில்லை.

வெள்ளிக்கிழமை காலை வந்தவர், நான் உட்காரும் இடத்தில் ஒரு மைக்கை உட்காரவைத்தார். ஃபேன், ஃபிரிட்ஜ், சுவர்க்கடிகாரம் எல்லாம் நின்றன. பிறகு ஜன்னல் வழியே பக்கத்து வீட்டைக் கூப்பிட்டார்.

“ஆச்சி, பத்து நிமிசம் மிக்ஸிய நிறுத்துங்க!”

“சட்னி பாதியில நிக்குதுப்பா!”

“இன்னைக்குப் பொடி தொட்டுக்கங்க ஆச்சி!”

நான் திகைத்துத் தெளிவதற்குள் சுவரைத் தட்டினார். “முட்டை போட்டு அரைச்ச சுண்ணாம்பு சார். கண்ணாடி கணக்கா இருக்கு, சத்தம் தெறிக்குது. கனமான துணி இருக்கா?”

பீரோவைக் காட்டியது நான்தான் என்பதை இன்றுதான் வெளியிடுகிறேன். செல்வி காபியோடு வந்தபோது அவளுடைய பதினொரு கண்டாங்கிச் சேலைகளும் சுவரில் தொங்கின. டம்ளர் சாய்ந்தது.

“யாரக் கேட்டு என் சேலையில கை வச்சீக?”

“பட்டு ஆகாதுக்கா. கண்டாங்கிதான் சத்தத்த உறிஞ்சும்.”

“அப்ப நீங்களே கட்டிக்கிட்டு நில்லுங்க!”

சனிக்கிழமை அளவில் இடமும் வலமும் இரட்டைப் பிள்ளைகள் போல ஒத்திருந்தன. நானோ, இடது பக்கம் இன்னும் மந்தம் என்றேன்.

“மைக்கு பொய் சொல்லாது சார்” என்றவருக்கு முகம் வெளுத்துவிட்டது. “மெல்லிசா விசில் விடுறேன், கேட்டா கையத் தூக்குங்க.”

வலது ஸ்பீக்கருக்குத் தூக்கினேன். இடதுக்கு எதுவும் கேட்கவில்லை. சற்று யோசித்தவர், என்னைப் பின்சுவரைப் பார்த்துத் திருப்பி உட்காரவைத்தார். இப்போது அதே இடது ஸ்பீக்கர் தெளிவாகக் கேட்டது, வலது செத்துப்போனது.

முதலில் புரிந்துகொண்டவள் செல்வி. “அப்ப கோளாறு பெட்டியில இல்ல” என்றாள். அவள் கத்தவில்லை. அந்த இரண்டு நாளில் என்னை மிகவும் கலக்கியது அதுதான்.

மாலையில் காது டாக்டரிடம் இஞ்சு டேப்பும் வந்தார். “உங்க மிஷினுக்குக் கடைசியா எப்ப அளவு பாத்தீக?” என்று டாக்டரையே கேட்டார். இடது காதில் கேட்கும் திறன் நன்றாகக் குறைந்துவிட்டது, இனி திரும்பாது என்று டாக்டர் சொன்னதும், இஞ்சு டேப் கையிலிருந்த டேப்பைச் சுருட்டிப் பையில் வைத்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை கூப்பிடாமலே வந்தார். மைக்கை வெளியே எடுக்கவில்லை. என் முகத்தைப் பார்த்துப் பார்த்தே இடது ஸ்பீக்கரைக் கூட்டிக்கொண்டு போனார், அரைப் புள்ளி அல்ல, ஆறு புள்ளி. வசனம் கேட்டது. காளையார்கோவில் வண்டியைச் செல்வி வேண்டாமென்று சொல்லிவிட்டாள்.

அவர் போனபின் பார்த்தேன். ஆம்பிளிஃபயர்மேல் ஒரு துண்டுச் சீட்டு ஒட்டியிருந்தது: “இந்த அளவு தப்பு. சாருக்குச் சரி. யாரும் மாத்தாதீக.”

தூசி துடைக்கும்போது செல்வி அதைச் சுற்றித்தான் துடைக்கிறாள்.