சேலத்துக்குப் போன பெட்டி

கணவருக்குத் தெரியாமல் அவருக்கு ஒரு நல்லது செய்துவிட வேண்டும் என்று கிளம்பிய மனைவியை யாராலும் தடுத்து நிறுத்த முடியாது. அவள் பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் டீச்சராகவும் இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். தனக்கு எல்லாம் தெரியும் என்ற நினைப்பும் கூடவே வந்து உட்கார்ந்துகொள்ளும். நான் அப்படிப்பட்ட ஒருத்தி. (இப்போது இல்லை. இப்போது எனக்குச் சந்தேகம் வந்தால் மாணவிகளையே கேட்கிறேன்.)

என் கணவர் தங்கவேல், பரமத்தி வேலூர் பக்கத்தில் வாழையும் வெற்றிலைக் கொடிக்காலும் பார்க்கிறார். பேச்சு ரொம்பக் குறைவு. ஆனால் வாழைக்குத் தண்ணீர் கட்டும்போது மட்டும் ஒரு மெட்டைச் சீட்டியடிப்பார். எந்தப் படத்துப் பாட்டு என்று யோசித்து யோசித்து அலுத்துப்போய் ஒருநாள் கேட்டேவிட்டேன்.

"அது பாட்டில்ல கவிதா. சின்ன வயசுல கம்ப்யூட்டர்ல ஒரு கேம் ஆடுவோம். சுரங்கத்துக்குள்ள ஒருத்தன் தோண்டிக்கிட்டே போவான், மேல இருந்து கல்லு உழுகும். அதுல வர்ற சத்தம்."

"ஆடுவோம்" என்றாரே, யார் யார் ஆடினீர்கள், எந்தக் கம்ப்யூட்டர், அது இப்போது எங்கே? இந்த மூன்று கேள்விகளில் ஒன்றையாவது நான் அன்றைக்குக் கேட்டிருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இல்லை. நான் கேட்கவில்லை. என் மனதில் அப்போதே திட்டம் ஓடத் தொடங்கிவிட்டது. அவருடைய நாற்பதாவது பிறந்தநாளுக்கு அந்த விளையாட்டை, அந்தக் காலத்துக் கம்ப்யூட்டரிலேயே, அவர் கண்முன் ஓடவிடுவது!

பள்ளிக்கூட ஆய்வகத்தில் ஒதுக்கிப் போட்டிருந்த பழைய கம்ப்யூட்டர் ஒன்றைத் தலைமையாசிரியரிடம் கேட்டு வாங்கிக்கொண்டேன். அதில் எல்லாம் இருந்தது, சவுண்டு கார்டு மட்டும் இல்லை. சரி, ஒரு கார்டுதானே என்று இணையத்தில் தேட ஆரம்பித்தேன். அங்கே ஒரு தனி உலகமே இருக்கிறது. பழைய கம்ப்யூட்டர்களைச் சேகரித்து, பழைய விளையாட்டுகளை ஆடுகிறவர்களின் உலகம். எந்தக் கார்டில் இசைக்கென்று அசல் சிப் இருக்கும், எதில் போலி இருக்கும், எதில் இரைச்சல் வரும் என்று அவர்கள் அண்ணன் தம்பி போலச் சண்டை போட்டுக்கொள்கிறார்கள். நானும் உள்ளே புகுந்து கேள்வி கேட்டேன். போலந்திலிருந்து ஒருவர் பதில் சொன்னார். பிரேசிலிலிருந்து ஒருவர் படம் அனுப்பினார். அவர்கள் சொன்னதைக் கேட்டு, சுரங்க விளையாட்டில் பின்னால் வந்த, சவுண்டு கார்டில் முழு இசையோடு ஓடும் பதிப்பையும் இறக்கிக்கொண்டேன். உலகத்தில் கேட்கக்கூடிய எல்லாரையும் கேட்டேன், வீட்டில் எதிரே உட்கார்ந்து ராகிக்களி சாப்பிட்டுக்கொண்டிருந்த மனிதரைத் தவிர.

கடைசியில், அசல் சிப் வைத்த கார்டு சேலத்திலேயே ஒருவரிடம் இருப்பது தெரிந்தது. ராஜசேகர் என்று பெயர். மாடி அறை முழுக்கப் பழைய கம்ப்யூட்டர் பாகங்களை அடுக்கி வைத்திருப்பவர். போனில் பேசினேன்.

"நான் விக்கறதில்லைங்க மேடம். மாத்திக்கறதுதான். உங்ககிட்ட பழசா எதாவது இருந்தா கொண்டாங்க, பாக்கலாம்" என்றார்.

பழசுக்கு எங்கே போவது? மாமியாரிடம் புலம்பினேன். அவர் சமையலறைக்கு மேலே, சாமான் போட்டு வைக்கும் அட்டாலியைக் கை காட்டினார்.

"அங்க ஒரு கம்ப்யூட்டர் பொட்டி கெடக்குது பாரு சாமி. எத்தன வருசமா எடத்த அடச்சுக்கிட்டு! என்ற அண்டாவ வெக்க எடமில்லாம கட்டலுக்கடியில தள்ளி வெச்சிருக்கறேன். தூக்கிக்கிட்டுப் போயிரு, உனக்குப் புண்ணியமாப் போகும்."

ஏணி போட்டு இறக்கினேன். ஒரு பழைய ஊதாத் தாவணியில் அழகாகச் சுற்றி, நான்கு மூலைக்கும் முடிச்சுப் போட்டு வைத்திருந்தது. ஒன்றுக்கும் ஆகாத சாமானை யாராவது இப்படிச் சுற்றி வைப்பார்களா என்று ஒரு நல்ல மூளைக்குத் தோன்றியிருக்கும். எனக்கு, "அட, தாவணி புதுசாட்டம் இருக்கிறதே, துவைத்தால் மூடி வைக்க ஆகும்" என்றுதான் தோன்றியது. பெட்டியைத் திறந்தேன். உள்ளே பேட்டரி கசிந்து போர்டில் பச்சை பூத்திருந்தது. மின்சாரம் கொடுத்துப் பார்த்தும் உயிர் வரவில்லை. "செத்துவிட்டது" என்று டாக்டர் போலத் தீர்ப்புச் சொன்னேன். அதில் சவுண்டு கார்டு கூட இல்லை. இளக்காரமாக ஒரு சிரிப்பு வேறு சிரித்தேன்.

சேலத்தில் ராஜசேகர் அந்தப் பெட்டியைத் திறந்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். "இந்த போர்டு இப்பெல்லாம் கெடைக்காதுங்க மேடம். சுத்தம் பண்ணினா ஓடும். நெசமாவே குடுக்கறீங்களா?" என்று கேட்டார். மனிதர் மறுபடியும் கேட்டார். நானோ, அவர் மனம் மாறிவிடுவதற்குள் கிளம்ப வேண்டும் என்று கார்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு ஓடிவந்தேன். பேருந்தில் வரும் வழியெல்லாம், ஒரு அப்பாவியை ஏமாற்றிவிட்டோமே என்று அவருக்காகக் கொஞ்சம் வருத்தப்பட்டேன்.

பிறந்தநாளும் வந்தது. எங்கள் பக்கத்தில் நாற்பது வயது ஆணுக்குப் பிறந்தநாள் கொண்டாடுவது வழக்கமில்லை. அதனால் விருந்து என்று மட்டும் சொல்லி, எருமப்பட்டியிலிருந்து அவருடைய அக்கா மல்லிகாவையும் அக்கா வீட்டுக்காரரையும் வரவழைத்திருந்தேன். கம்ப்யூட்டரைக் கூடத்தில் வைத்து, டி.வி.க்குப் போடும் பெரிய ஸ்பீக்கரோடு இணைத்து, மேலே துவைத்துத் தேய்த்த அந்த ஊதாத் தாவணியைப் போர்த்தியிருந்தேன். சிலை திறப்பு விழா மாதிரி ஒரு சின்னப் பேச்சும் பேசினேன். (என்ன பேசினேன் என்று சொல்லமாட்டேன். "இசைப் பயணம்" என்றெல்லாம் வந்தது.)

தாவணியை இழுத்ததும் மல்லிகா அண்ணி அதைக் கையில் எடுத்துப் பார்த்தார். "ஏன் அம்மிணி, இது என்ற தாவணியாட்ட இருக்குதே, எங்க கெடச்சுது?"

"பழைய துணிங்க அண்ணி, மேல கெடந்துச்சு" என்று சொல்லிக்கொண்டே சுவிட்சைப் போட்டேன்.

விளையாட்டு தொடங்கியது. இசை முதல் ஒலியிலேயே சிக்கிக்கொண்டது. டண்டண்டண்டண்டண் என்று அந்தப் பெரிய ஸ்பீக்கர் வீட்டையே உலுக்கியது. மாமியார் காதைப் பொத்திக்கொண்டார். கட்டியிருந்த நாய் கயிற்றை அறுத்துக்கொண்டு காவிரிப் பக்கம் ஓடிவிட்டது. வேலிக்கு அந்தப்பக்கமிருந்து பக்கத்துத் தோட்டத்துக்காரர், "ஏனுங்க தங்கவேலு, போர் போடறீங்களா? சொல்லவே இல்லீங்களே!" என்று குரல் கொடுத்தார்.

அணைத்துவிட்டுப் பெட்டியைத் திறந்து உட்கார்ந்தேன். கார்டும் இன்னொரு பாகமும் ஒரே எண்ணுக்குப் போட்டி போடுகின்றன, கார்டில் இருக்கும் குட்டி பிளாஸ்டிக் மூடியைப் பிடுங்கி அடுத்த முள்ளில் மாட்டினால் சரியாகிவிடும் என்று எல்லாருக்கும் பாடம் நடத்தினேன். லாரி வைத்திருக்கும் அண்ணியின் கணவர் குனிந்து பார்த்துவிட்டு, "ஏர் அடச்சிருக்குமுங்க, ஒருக்கா ஊதிப் பாருங்க" என்றார். முறைத்தேன். மூடியை மாற்றினேன். (ஊதவும் செய்தேன், அவர் பார்க்காதபோது.)

இந்த முறை இசை வந்தது! மேளமும் குழலும் சேர்ந்த மாதிரி, அசல் சிப்பின் அசல் இசை. எல்லாரும் கை தட்டினார்கள். என் கணவர் உட்கார்ந்து ஆடினார். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். கல்யாண வீட்டில் புளிக்காத ரசத்தை நன்றாக இருக்கிறது என்று சொல்லும் முகம் அது.

"நல்லாருக்குது கவிதா. ரொம்ப நல்லாருக்குது" என்றார். பிறகு தயங்கி, "ஆனா பாட்டு வேறாட்ட இருக்குது. நம்மளுதுல இத்தன சத்தம் வராது. டீ… டிட்டி டீன்னுதான் கேக்கும், இல்லீக்கா?"

"ஆமாண்டா!" என்றார் அண்ணி. "பொட்டிக்குள்ளாற கொசு கத்தறாப்பல."

சவுண்டு கார்டே இல்லாத பெட்டிக்குள் இருக்கும் குட்டி ஸ்பீக்கர் போடும் வெறும் பீப் சத்தம். அவருக்குப் பிடித்தது அதுதான். போலந்தும் பிரேசிலும் சேர்ந்து எனக்குத் தேடிக் கொடுத்ததெல்லாம் அவருக்குத் தேவையே இல்லாத ஒன்று. சரி, அசடு வழிவதோடு போகும் என்று நினைத்தேன். அப்போது அவர் எழுந்தார். அத்தனை உற்சாகமாக அவரை நான் பார்த்ததே இல்லை.

"இரு அக்கா, காட்டறேன். நம்ம பொட்டி மேலதான் இருக்குது. ரிப்பேர் பண்ணி உனக்குக் காட்டோணும்னு வெச்சிருந்தேன்."

ஏணியை எடுத்துவந்து சாத்தினார். எந்தப் பெட்டி என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. அவர் ஏறுவதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். மேலே அண்டா நகரும் சத்தம். குண்டா நகரும் சத்தம். அப்புறம் ஒன்றுமில்லை.

"அம்மா, இங்க இருந்த பொட்டி எங்க?"

மாமியார் ஒரு நொடி கூட யோசிக்கவில்லை. "உன்ற பொண்டாட்டிதான் சேலத்துக்குக் கொண்டுபோய்க் குடுத்துட்டா." (புண்ணியமாப் போகும் என்று சொன்ன அதே வாய்.)

அவர் ஏணியிலேயே உட்கார்ந்துவிட்டார். அண்ணிதான் பேசினார். கரூரில் ஜவுளிக் கம்பெனியில் வேலை பார்த்த மாமா, கம்பெனியில் கழித்துவிட்ட பெட்டியை இவர்களுக்குக் கொடுத்தாராம். இருந்தது ஒரே நாற்காலி. ஆளுக்குப் பாதியாக உட்கார்ந்து, அக்கா அந்தச் சுரங்கக்காரனை நடக்க வைப்பாராம், தம்பி தோண்ட வைப்பாராம். இரண்டு பேர் சேர்ந்து ஒரே ஆளை ஆட்டுவது.

"என்ற கல்யாணத்தன்னைக்குக் காலைல கூட ஆடிக்கிட்டிருந்தோம் அம்மிணி. பொண்ணழைக்க வந்தவங்க வாசல்ல நிக்கறாங்க, நான் கல்லு உழுகாம பாத்துக்கிட்டிருக்கறேன். அம்மா வந்து ஒயரப் புடுங்கி உட்டுட்டாங்க." சிரித்துக்கொண்டேதான் சொன்னார். பிறகு தாவணியை மடியில் வைத்து நீவிவிட்டார். "டேய், இத்தன நாளா வெச்சிருந்தியாடா? எனக்கே தெரியாதே."

அன்றைக்குச் சாப்பிட்ட விருந்து யாருக்கும் ருசித்திருக்காது. எனக்கு என்ன சமைத்தோம் என்பதே நினைவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கார்டைத் துணியில் சுற்றிக்கொண்டு நானும் என் கணவரும் சேலம் போனோம். ராஜசேகர் எங்களைப் பார்த்ததும் மகிழ்ச்சியோடுதான் வரவேற்றார். விஷயத்தைச் சொன்னதும் முகம் மாறிவிட்டது.

"அடடா, பெங்களூர்ல இருந்து ஒருத்தர் வந்து போர்டையும் டிஸ்க்கையும் வாங்கிட்டுப் போயிட்டாரே மேடம். நீங்க வேண்டாம்னுதானே குடுத்தீங்க?"

எங்கள் முன்னாலேயே பெங்களூர்க்காரருக்குப் போன் செய்து பார்த்தார். அவர் டிஸ்க்கை அழித்து, போர்டைத் தன் இயந்திரத்தில் பூட்டி, அதையும் வேறு யாருக்கோ கைமாற்றியிருந்தார். மிச்சம் இருந்தது மஞ்சள் பாரித்த வெறும் கூடு மட்டும். கார்டைத் திருப்பி நீட்டினேன். ராஜசேகர் வாங்கவில்லை. "நீங்களே வெச்சுக்கங்க மேடம்" என்று சொல்லிவிட்டு, கூட்டைத் துடைத்துக் கொடுத்தார்.

திரும்பும் பேருந்தில் அவர் கூட்டை மடியில் வைத்துக்கொண்டு வந்தார். அவர் என்னைத் திட்டியிருந்தால் பாதி பாரம் இறங்கியிருக்கும். நாமக்கல் தாண்டும்வரை ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தவர் கடைசியில் சொன்னார்: "நீ கேட்டிருந்தா நானே குடுத்திருப்பனோ என்னமோ, தெரியல. ஆனா கேட்டிருக்கலாம்."

வீட்டில் அந்தக் கூட்டைத் திறந்து பார்த்தபோது மூலையில் ரூபாய் நாணயத்தைவிடச் சற்றே பெரிதாக ஒரு வட்ட ஸ்பீக்கர் தொங்கிக்கொண்டிருந்தது. அதன் மதிப்பு தெரியாததால் யாரும் கழற்றவில்லை. என்னுடைய ஒரே நல்ல காரியமாக, சவுண்டு கார்டைப் பிடுங்கிவிட்டு அந்தக் குட்டி ஸ்பீக்கரின் ஒயரைப் பள்ளிக்கூடக் கம்ப்யூட்டரில் மாட்டினேன். விளையாட்டின் முதல் பதிப்பையும் தேடிப் பிடித்தேன். அண்ணியை வரச் சொன்னோம். ஒரே நாற்காலியில் இருவரும் உட்கார முயன்றார்கள். இப்போது இடம் போதவில்லை, ஸ்டூல் ஒன்றைப் பக்கத்தில் போட்டோம்.

டீ… டிட்டி டீ. கொசு கத்தியது. இருவர் முகமும் மலர்ந்தது. ஆனால் என் கம்ப்யூட்டர் அந்த விளையாட்டுக்கு ரொம்ப வேகமானது. சுரங்கக்காரன் புயலாக ஓடி, அண்ணி விரலை வைப்பதற்குள் கல்லுக்கடியில் செத்துப்போனான். திரும்பத் திரும்பச் செத்தான். இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்காகத்தான் கொஞ்சம் கூடுதலாகச் சிரித்தார்கள் என்பது எனக்குத் தெரியும். பழைய பெட்டி பழுது பார்த்து ஓடியிருந்தால் அவன் சாவகாசமாக நடந்திருப்பான்.

இதெல்லாம் நடந்து வருஷங்கள் ஓடிவிட்டன. எங்கள் குடும்பத்தில் ஒரு பொருள் காணாமல் போனால் "தொலைந்துவிட்டது" என்று இப்போது யாரும் சொல்வதில்லை. "சேலம் போயிருச்சாட்ட இருக்குது" என்பார்கள். மாமியாரின் மூக்குக்கண்ணாடி வாரம் ஒருமுறை சேலம் போகும். ஓடிப்போன நாய் மூன்றாம் நாள் திரும்பியபோது, "சேலத்துல மாத்திக்க ஆளு கெடைக்கலையாட்ட" என்றார் அண்ணியின் கணவர். கல்யாண வீடுகளில் மாமியார் இந்தக் கதையை முழுதாகச் சொல்வார், அண்டா வைக்க இடம் கேட்ட பகுதியை மட்டும் விட்டுவிட்டு.

போன மாதம் என் கணவர் நிஜமாகவே உரம் வாங்கச் சேலம் போயிருந்தார். அண்ணி போன் செய்து தம்பியைக் கேட்டார்.

"அவரு சேலம் போயிருக்காருங்க அண்ணி" என்றேன், யோசிக்காமல்.

"ஏன் அம்மிணி, அவனையும் குடுத்துட்டியா? பதிலுக்கு என்ன வாங்கின?"

"இன்னும் குடுக்கலைங்க அண்ணி" என்றேன். "இந்தவாட்டி மொதல்ல அவரைக் கேட்டுக்கறேன்."