அரக்கனுக்கு என்ன நிறம்?

அரக்கனுக்கு மூன்றாவது முறையாக நிறம் மாற்ற வேண்டும் என்றார் செயலாளர். ஏணியில் நின்றிருந்த பெயின்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். கையெல்லாம் பச்சை பெயின்ட் என்பது வைத்த பிறகுதான் ஞாபகம் வந்தது.

பிரார்த்தனைக் கூடத்தின் பெரிய சுவரில் பழைய ஓவியம் ஒன்று இருந்தது. ஆளுயரத்தில் இரண்டு பேர். கன்னங்கரேலென்ற ஒருவன், பால் வெள்ளையாய்ச் சிரிக்கும் இன்னொருவனின் தூக்கிய கையை மணிக்கட்டில் இறுக்கிப் பிடித்திருப்பான். போன மாதம் பொறுப்பேற்ற புது நிர்வாகக் குழுவுக்கு அது கண்ணில் விழுந்த தூசியாய் உறுத்தியது.

"கெட்டவன்னா கறுப்பு, நல்லவன்னா வெள்ளை. இதைப் பார்த்து வளர்ற குழந்தைங்க மனசுல என்னங்க பதியும்?" என்று பெயின்டர் வந்த முதல் நாளே கேட்டார் செயலாளர்.

நியாயம்தானே என்று பட்டது பெயின்டருக்கு. அவரே அட்டைக் கறுப்பு. பள்ளிக்கூட நாடகத்தில் அவருக்கு அரக்கன் வேஷம் தவிர வேறு எதுவும் வாய்த்ததில்லை. உற்சாகமாகச் சிவப்பு அடித்தார்.

"சிவப்பு தியாகத்தோட நிறம். அதைப் போய் இவனுக்கா?" என்று குதித்தார் பொருளாளர்.

பச்சை அடித்தார். அது உயிர்களின் நிறம், அரக்கனுக்கு ஆகாது என்று கையெழுத்து வேட்டையே நடந்துவிட்டது.

இதற்கிடையில் பெயின்டருக்கு வேறொரு கவலை. மதியச் சாப்பாட்டின்போது மனைவியிடம் மெல்லச் சொன்னார். "அந்த வெள்ளை ஆளை நான் தொடவே இல்லடி. ஆனா முதல் நாள் நாலு பல்லு தெரிஞ்சுது. இன்னிக்கு ஆறு தெரியுது."

"மத்தவன் பல்லை எண்ணுறதுக்கா உங்களைக் கூப்பிட்டாங்க? முதல்ல கண் டாக்டரைப் பாருங்க."

திரும்பிப் போய்ப் பார்த்தார். எட்டு.

"பேசாம சுவர் நிறத்தையே அரக்கன் மேல அடிச்சிடுங்க" என்றார் செயலாளர்.

"ஆளே தெரிய மாட்டானே சார்?"

"ஆள் தெரியலைன்னா யார் மனசும் புண்படாது பாருங்க!"

காலிலிருந்து தொடங்கினார் பெயின்டர். இடுப்பு மறைந்தது, முகம் மறைந்தது. மணிக்கட்டைப் பிடித்திருந்த கடைசி விரலும் மறைந்தது. வெளியே உச்சி வெயில் கொளுத்த, கூடம் குளிர்ப்பெட்டி போலச் சில்லிட்டது. பக்கத்தில் யாரோ மூச்சு விட்டார்கள். நீளமாக, நிம்மதியாக.

விழுந்தடித்து இறங்கினார். "சார்... அந்த வெள்ளை ஆளோட கை மேல தூக்கி இருந்துச்சே. இப்ப கீழ தொங்குது!"

"உங்க பிரமை. எவ்வளவு அமைதியா இருக்கு பாருங்க! நல்லவர் மட்டும் தனியா நிக்கிறாரு, ஒரு வம்பு இல்ல" என்றார் செயலாளர். சொல்லும்போதே ஏனோ வாசல் பக்கம் நகர்ந்துகொண்டிருந்தார்.

மகள் பிரசவத்துக்காக ஒரு வாரம் ஊருக்குப் போயிருந்த துப்புரவுக்காரம்மா அப்போதுதான் வாளியோடு உள்ளே வந்தாள். இருபது வருஷமாய் அந்தக் கூடத்தைப் பெருக்குகிறவள். சுவரைப் பார்த்ததும் வாளி கைநழுவி உருண்டது.

"அடப்பாவிகளா, சாமியை எதுக்குய்யா அழிச்சீங்க? அந்த வெள்ளையனை வெளிய விடாம புடிச்சு வச்சிருந்ததே அவருதானே!"